செயற்கைக்கோளும் நம் தோட்டத்து நிலப்படமும்

(பேரா மாநிலத்தில், பழைய ரப்பர்த் தோட்டங்களின் நடுவே அமைந்த தமிழ்ப்பள்ளி ஒன்றில், ஆசிரியர், பெற்றோர், மாணவர் ஆகியோர் கூடிய கூட்டத்தில் தகவல் அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை.)

 

இப்பள்ளிக்கு நான் இன்று காலை ஈப்போவிலிருந்து வந்தேன். வழியெங்கும் சாலையின் இருபுறமும் செம்பனை மரங்களே கண்ணுக்குத் தென்பட்டன. இதே வழியில் முன்பு வரிசை வரிசையாகப் பால் மரங்கள் நின்றதனை உங்களுள் பலர் அறிவீர்கள். அம்மரங்களின் நடுவே லயங்கள் இருந்தன, பெரட்டுக்களம் இருந்தது, கோயில் இருந்தது, பிள்ளைகள் குளித்த ஓடை இருந்தது. இன்று அவற்றுள் எவை எஞ்சியுள்ளன, எவை மறைந்துவிட்டன என்பதனைக் கேட்டால், பதில் சொல்லக்கூடியவர்கள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.

இந்நிலையில், வானிலிருந்து எடுத்த படங்களைக் கொண்டு நாட்டின் நிலப்படங்களை எவ்வாறு வரைகின்றனர் என்பதனையும், அவ்வேலையில் தோட்டத்து மக்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு என்பதனையும் உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

நிலத்தோற்றப் படம் என்றால் என்ன?

பள்ளிச் சுவரில் தொங்கும் நாட்டுப் படத்தில் மாநிலங்களும் தலைநகரங்களும் மட்டுமே இருக்கும். நிலத்தோற்றப் படம் என்பது வேறு வகை. நிலத்தின் மேடு பள்ளம், ஆறு, ஓடை, சாலை, மண் பாதை, காடு, தோட்டம், சதுப்பு நிலம், வீடுகள், வழிபாட்டு இடங்கள் ஆகிய அனைத்தையும் அளவு பிசகாமல் காட்டுவது அது. நம் நாட்டில் இவ்வகைப் படங்களை நில அளவை, வரைபடத் துறை வெளியிடுகின்றது. பரவலாகப் பயன்படும் படத்தின் அளவு 50,000 இல் ஒன்று. அதாவது, படத்தில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் 1 கிலோமீட்டர் ஆகும்.

தட்டையான தாளில் மலையை எப்படிக் காட்டுவது? நான் ஆசிரியனாக இருந்த காலத்தில் மாணவர்களுக்குச் செய்து காட்டிய ஒரு சோதனையைச் சொல்கின்றேன். கரடுமுரடான ஒரு கல்லை வாளிக்குள் வையுங்கள். ஓர் அங்குல உயரத்திற்குத் தண்ணீர் ஊற்றி, நீர் கல்லைத் தொடும் இடத்தைச் சுற்றி ஆணியால் கீறுங்கள். மேலும் ஓர் அங்குலம் ஊற்றி மீண்டும் கீறுங்கள். கல் முழுகும் வரை இவ்வாறே செய்தபின், தண்ணீரை வடித்துவிட்டு மேலிருந்து நேராகப் பாருங்கள். ஒன்றனுள் ஒன்றாக வளையங்கள் தெரியும். கல் செங்குத்தாக இருக்கும் பக்கத்தில் வளையங்கள் நெருங்கியிருக்கும்; சரிவாக இருக்கும் பக்கத்தில் விலகியிருக்கும். இவையே சமவுயரக் கோடுகள். 2,183 மீட்டர் உயரமுள்ள கொர்பு மலையும் படத்தில் இத்தகைய கோடுகளின் கூட்டமாகவே காணப்படும்.

இக்கோடுகள் ஏட்டுக் கல்விக்கு மட்டும் உரியவை என எண்ணிவிட வேண்டா. 1996 ஆம் ஆண்டு ஆகஸ்டு 29 ஆம் நாள், கம்பாருக்கு அருகிலுள்ள போஸ் டிபாங் என்னும் பூர்வ குடியினர் சிற்றூரில், மலைப்பகுதியில் பெய்த பெருமழை சேற்றையும் மரங்களையும் அடித்துக்கொண்டு வந்து 44 உயிர்களைக் கொள்ளைகொண்டது. மழை மலையில் பெய்தது. துயரம் அடிவாரத்தில் நேர்ந்தது. ஓர் ஓடைக்கு எந்தெந்தச் சரிவிலிருந்து தண்ணீர் வந்து சேரும், அவ்வோடையின் கரையில் எத்தனை வீடுகள் உள்ளன என்பதனை முன்கூட்டியே அறிவதற்குத் துணை செய்வது நிலத்தோற்றப் படமே.

சங்கிலியிலிருந்து விமானம் வரை

முற்காலத்தில் இப்படங்களைக் கால்நடையாகவே சென்று வரைந்தனர். 1802 ஆம் ஆண்டு வில்லியம் லாம்ப்டன் என்னும் படை அதிகாரி, சென்னைப் பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டினை எஃகுச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுமையும் முக்கோணங்களாகப் பிரித்து அளந்த பெரும்பணி அக்கோட்டிலிருந்தே தொடங்கியது. ஒரு பக்கத்தின் நீளமும் கோணங்களும் தெரிந்தால், சென்று அளவாமலே மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டுவிடலாம். நம் முன்னோர் பலர் கப்பலேறி இங்கு வருவதற்கு முன்னரே, அவர்கள் பிறந்த மண் இம்முறையில் அளக்கப்பட்டது.

மலாயாவிலும் இதே முறையே கையாளப்பட்டது. குன்றுகளின் உச்சியில் அளவைத் தூண்களை நிறுத்தி, ஒன்றிலிருந்து மற்றொன்றை நோக்கிக் கோணம் அளந்தனர். 1948 ஆம் ஆண்டில் திருத்தியமைக்கப்பட்ட மலாயா முக்கோண அளவைக்குப் பகாங் மாநிலத்துக் கெர்த்தாவ் என்னுமிடம் மூலப்புள்ளியாக விளங்கியது. போருக்குப் பின்னர் விமானத்திலிருந்து எடுத்த படங்களும் பெரிதும் உதவின. அவசரகாலத்தில் பிரிட்டிஷ் விமானப்படையினர் நம் காடுகளையும் தோட்டங்களையும் வானிலிருந்து ஏராளமாகப் படம் எடுத்தனர். ஆனால் விமானம் ஒரு தடவைக்குச் சிறிதளவு நிலத்தையே படம்பிடிக்கும், செலவும் மிகுதி. ஆகவே ஒரு படத்தைத் திருத்தி மீண்டும் வெளியிடுவதற்குள், தரையில் தோட்டம் மாறிவிடும், சாலை மாறிவிடும், சில இடங்களில் ஊரே இடம் மாறிவிடும்.

விண்ணில் ஏறிய கண்

1972 ஆம் ஆண்டு ஜூலை 23 ஆம் நாள் அமெரிக்கா லேண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. ஏறத்தாழ 900 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றிய அது, 18 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தின் மேல் மீண்டும் வந்தது. இவ்வகைப் படம் சிறுசிறு சதுரப் புள்ளிகளால் ஆனது. முதல் லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி தரையில் 80 மீட்டர் நீளமும் அதே அகலமும் கொண்டது. அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர். பால் மரம் வெட்டிய பெரியவர்களுக்குச் சொன்னால் எளிதில் விளங்கும்: ஒரு தொழிலாளியின் காலை வேலையில் ஏறத்தாழப் பாதி நிரை, அந்த ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும். அதில் லயத்தைத் தேட இயலாது. பெரிய ஆற்றையும், காட்டின் எல்லையையும், ஈப்போ போன்ற நகரத்தையும் அறியலாம், அவ்வளவே.

1986 ஆம் ஆண்டு பிரான்சு நாடு அனுப்பிய ஸ்பாட் செயற்கைக்கோளில் ஒரு புள்ளியின் அளவு 10 மீட்டராகக் குறைந்தது. நான்கைந்து பால் மரங்கள் நிற்கும் இடம் அது. 2005 ஆம் ஆண்டு மே 5 ஆம் நாள், சென்னைக்கு வடக்கேயுள்ள ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து இந்தியா ஏவிய கார்ட்டோசாட்-1 இல் அது இரண்டரை மீட்டராகச் சுருங்கியது. இந்த அளவில் லயத்தின் கூரையும், லாரி செல்லும் மண் பாதையும் தெரியத் தொடங்கும்.

கார்ட்டோசாட்-1 நிலப்படம் வரைவதற்கென்றே அமைக்கப்பட்டது. அதில் இரண்டு ஒளிப்படக் கருவிகள் இருந்தன. ஒன்று முன்புறமாக 26 பாகையும், மற்றொன்று பின்புறமாக 5 பாகையும் சாய்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. முன்கருவி கண்ட அதே இடத்தை, ஒரு நிமிடத்திற்குள்ளாகவே பின்கருவியும் வேறொரு கோணத்திலிருந்து கண்டது. இது எதற்கு? ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்; கை தடுமாறும். இரண்டு கண்களும் சற்றே வெவ்வேறு காட்சிகளைக் காண்பதனால்தான் எது அருகே, எது தொலைவே என்பதனை மூளை உணர்கின்றது. அதுபோலவே, இரு கோணங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டால், மலை உச்சி இடம் பெயர்ந்து காணப்படும் அளவு மிகுதியாகவும், பள்ளத்தாக்கு பெயரும் அளவு குறைவாகவும் இருக்கும். அந்த வேறுபாட்டினைக் கணினியில் கணக்கிட்டு உயரத்தை அறிகின்றனர். உயரத்திலிருந்து சமவுயரக் கோடுகளை வரைகின்றனர்.

இலை உதிரும் மாதம்

செயற்கைக்கோள் நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளியையும் காணும். சிவப்பு நிறத்திற்கு அப்பாலுள்ள அகச்சிவப்பு ஒளியைப் பசுமையான இலைகள் மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. தண்ணீர் அதனை விழுங்கிவிடுகின்றது. ஆகையால் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற குளங்கள் அப்படத்தில் கரும்புள்ளிகளாகத் தெளிவாகத் தெரியும்.

ஆனால் காடும் பச்சை, செம்பனையும் பச்சை, பால் மரமும் பச்சை. இவற்றை எப்படிப் பிரித்தறிவது? இதற்கு விடை உங்களுக்கே தெரியும். ஆண்டின் தொடக்கத்தில், பிப்ரவரி, மார்ச் மாத வாக்கில் பால் மரம் இலையை உதிர்க்கும், பால் குறையும், தொழிலாளியின் வருமானமும் குறையும். செம்பனை அவ்வாறு ஒருசேர இலை உதிர்ப்பதில்லை. இலை உதிர்ந்த மாதத்துப் படத்தையும் தளிர்த்த பின் எடுத்த படத்தையும் அருகருகே வைத்து, எங்கே பசுமை மங்கி மீண்டும் தழைத்தது என்று பார்த்தால், அது ரப்பர்த் தோட்டம் என்று துணியலாம். நம் வீட்டு வரவு செலவை ஆட்டிவைத்த அதே இலையுதிர்வு, இன்று ஆய்வாளர்களுக்கு அடையாளமாகப் பயன்படுகின்றது.

மேகமும் மரத்தின் தலையும்

எனினும் இம்முறைக்கும் தடைகள் உண்டு. முதல் தடை மேகம். பேராவில் காலையில் தெளிவாக இருக்கும் வானம் நண்பகலுக்குள் மூடிக்கொள்ளும். வட, தென் துருவங்களை ஒட்டிச் சுற்றும் செயற்கைக்கோள் பல நாளுக்கு ஒருமுறைதான் நம் தலைக்கு மேல் வரும். அந்நேரம் மேகம் இருந்தால் படத்தில் வெண்பஞ்சு மட்டுமே விழும். இதனை மனத்திற்கொண்டே மலேசியா தனது ராசாக்சாட் செயற்கைக்கோளை நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுற்றுமாறு 2009 ஆம் ஆண்டு ஜூலை 14 ஆம் நாள் விண்ணில் செலுத்தியது. ஒருநாளில் பலமுறை நம் நாட்டைக் கடந்தால், மேகத்தின் இடைவெளியில் ஒரு நல்ல படமேனும் கிடைக்கும் என்பது அதன் நோக்கம். அது இன்று பணியில் இல்லை. 1988 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தொலையுணர்வு மையம், பின்னர் தேசிய விண்வெளி நிறுவனத்துடன் இணைக்கப்பட்டு, 2019 ஆம் ஆண்டு முதல் மலேசிய விண்வெளி நிறுவனமாக இயங்கி வருகின்றது.

மேகத்தை ஊடுருவ ரேடார் உதவும். அது தானே அலையை அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைக் கொண்டு படம் வரையும். இரவும் மேகமும் அதற்குத் தடையாகா. 2000 ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்வெளி ஓடம் 11 நாள் பயணத்தில், 60 மீட்டர் நீளமுள்ள கம்பத்தின் இருமுனைகளிலும் ரேடார்க் கருவிகளைத் தாங்கிச் சென்று, உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கின் உயரத்தை அளந்தது.

ஆனால் அந்த ரேடார் அலை, அடர்ந்த மரங்கள் உள்ள இடத்தில் பெரும்பாலும் மண்ணைத் தொடுவதற்கு முன்னரே மரத்தின் தலையைத் தொட்டுத் திரும்பியது. ஆகவே முதிர்ந்த மரங்கள் உள்ள தோட்டத்தின் தரை, உண்மையைவிடச் சில மீட்டர் உயரமாகப் படத்தில் பதிவாகும். மரத்தை வெட்டினால் குன்றே தாழ்ந்துவிட்டது போன்ற தோற்றம் உண்டாகும்! வெள்ளத்தைக் கணிக்கும்போது அச்சில மீட்டர்களே வீட்டிற்குள் நீர் வருமா, வாராதா என்பதனைத் தீர்மானிக்கும். ஈப்போவைச் சூழ்ந்த சுண்ணாம்புக் குன்றுகளும் இவ்வாறே தொல்லை தருவன. அவற்றின் பக்கங்கள் சுவர்போல் நிமிர்ந்து நிற்பதால், சாய்ந்து நோக்கும் கருவிக்கு அடிவாரம் மறைந்துவிடும். குகைகளோ வானிலிருந்து தெரிவதே இல்லை.

ஆகையால் விண்ணில் எடுத்த படத்தைத் தரையில் பொருத்திச் சரிபார்க்க வேண்டும். பாலம், சாலைச் சந்திப்பு போன்ற தெளிவான இடங்களில் அளவையாளர்கள் நின்று, துல்லியமான இடங்காட்டிக் கருவிகளால் அவற்றின் நிலையை அளக்கின்றனர். 2003 ஆம் ஆண்டில் நம் நாடு புதிய தேசிய அளவை ஆதாரத்தை ஏற்றுக்கொண்டது. அவ்வாதாரத்தை ஒட்டி அளந்த புள்ளிகளில் படத்தைப் பொருத்திய பின்னரே அது நம்பத்தக்க நிலப்படமாகின்றது.

வானம் அறியாதது

இவை அனைத்தும் முடிந்த பின்னரும் ஒன்று எஞ்சுகின்றது. அது பெயர். எத்தகைய நுட்பமான செயற்கைக்கோளும் ஓர் ஓடையின் பெயரைக் கூறாது. அதனைத் தரைக்கு வந்து, மக்களைக் கேட்டே எழுத வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், பழைய ரப்பர்த் தோட்டம் ஒன்றில் வாழ்ந்த மூதாட்டி ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அத்தோட்டத்தின் வான்படத்தைத் தாளில் அச்சிட்டு எடுத்துச் சென்றேன். அதில் விண்மீன்களைப் பரப்பியதுபோல் செம்பனை ஓலைகளே நிறைந்திருந்தன. பாட்டி படத்தை முதலில் தலைகீழாகப் பிடித்திருந்தார். நான் திருப்பிக் கொடுத்து, சாலை இது, பாலம் இது என்று காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், ஓடையின் வளைவில் விரலை வைத்தார். "இது ஸ்டோர் அல்லூர் தம்பி. இதைத் தாண்டினா மேட்டு லயம். இந்தா, வட்டமா ஒரு மரம் தெரியுதே, அதுதான் கோயில் அரசமரம்" என்றார்.

நான் உற்றுப் பார்த்தேன். ஓலைகளின் நடுவே, வட்ட வடிவில் ஒரே ஒரு மரத்தின் தலை இருந்தது. பலமுறை அப்படத்தைப் பார்த்திருந்தும் அதனை நான் கவனித்ததில்லை. பாட்டியின் விரல் மேலும் நகர்ந்து, மரத்திற்குக் கிழக்கே ஒரு மேட்டில் நின்றது. "இங்கதான் எங்க அம்மாவைப் பொதைச்சோம்" என்று கூறிவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தார். அந்த மேட்டில் படத்தில் இருந்தவை செம்பனைகளே. என் கையிலிருந்த நிலப்படத்திலும் அவ்வோடைக்குப் பெயரில்லை. அந்த மேட்டிற்கு எந்தக் குறியும் இல்லை.

அன்பர்களே, இதில் யாரையும் குறைகூறுவதற்கில்லை. 1950 களிலும் 60 களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பட்டன. அந்நிலையில் தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கும் பொருட்டு, 1960 ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததனை நீங்கள் அறிவீர்கள். துண்டாடலுக்குத் தப்பிய தோட்டங்களும் பின்னாளில் செம்பனைக்கும், வீடமைப்புக்கும், தொழிற்பேட்டைக்கும் மாறின. நிலத்தின் பயன் மாறும்போது படம் மாறுவது இயல்பே. ஆனால் சொல்வதற்கு ஆளில்லாத காரணத்தால் ஒரு பெயர் விட்டுப்போகுமானால், அது நம் கவனக்குறைவே ஆகும்.

நாம் செய்ய வேண்டியவை

எனவே நான்கு வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, அளவையாளர்கள் உங்கள் வட்டாரத்திற்கு வரும்போது அவர்களுக்கு வழிகாட்டுங்கள். ஓடை, குன்று, பழைய கோயில், இடுகாடு ஆகியவற்றின் பெயரையும் இடத்தையும் சொல்லுங்கள். நாட்டிலுள்ள இடப்பெயர்களை ஆராய்ந்து முறைப்படுத்துவதற்கென்று தேசிய நிலையில் ஒரு குழுவே உள்ளது. பெயர் சரியாகச் சென்று சேர்ந்தால்தான் சரியாக எழுதப்படும்.

இரண்டாவது, ஒன்றை நன்றாக மனத்தில் இருத்துங்கள். நிலத்தோற்றப் படமோ, கைத்தொலைபேசியில் காணும் வான்படமோ நில உரிமைக்குச் சான்றாகாது. மனையின் எல்லையைத் தீர்மானிப்பவை எல்லைக்கல் நாட்டிச் செய்யும் உரிமை அளவையும் நில அலுவலகப் பதிவுமே ஆகும். கோயிலோ பள்ளியோ படத்தில் இருக்கின்றது என்பதனால் நிலம் நம்முடையது என்று எண்ணி வாளாவிருத்தல் கூடாது. பத்திரத்தை உரிய காலத்தில் கேட்டுப் பெறுங்கள்.

மூன்றாவது, ஆசிரியப் பெருமக்கள் இதனை ஒரு வகுப்புப் பணியாக மேற்கொள்ளலாம். மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியருடன் அமர்ந்து, அவர்கள் வாழ்ந்த தோட்டத்தின் படத்தை ஒரு தாளில் வரையட்டும். பெரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, ஸ்டோர், லயங்கள், பந்துத் திடல், இடுகாடு ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறட்டும். பின்னர் அதனை இன்றைய வான்படத்துடன் ஒப்பிட்டு, மாறாத ஒன்றைக் கண்டுபிடிக்கட்டும். பெரும்பாலும் அது ஓர் ஓடையின் வளைவாகவோ, ஒரு மரமாகவோ இருக்கும். அதனைப் பிடித்துக்கொண்டால் மற்றவை ஒவ்வொன்றாகத் தம் இடத்தில் வந்து அமரும்.

நான்காவது, அவ்வாறு வரைந்த படங்களைப் பள்ளி நூலகத்தில் வைத்துக் காப்பாற்றுங்கள். சொன்னவரின் பெயரையும் சொன்ன நாளையும் ஓரத்தில் எழுதி வையுங்கள்.

இறுதியாக ஒன்று கூறி என் உரையை நிறைவு செய்கின்றேன். கோலகங்சாரில் ஒரு முதிய ரப்பர் மரம் நிற்கின்றது. 1877 ஆம் ஆண்டில் இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட கன்றுகளுள் ஒன்று அது. வானிலிருந்து பார்த்தால் அது பச்சைப் புள்ளிகளுள் ஒரு புள்ளி. அதன் வயதையோ வரலாற்றையோ எந்தக் கருவியும் கண்டு சொல்லாது. அதனை அறிந்தோர் அடுத்த தலைமுறைக்குச் சொல்லி வந்தமையால் அம்மரம் இன்றும் போற்றப்படுகின்றது. அம்மரத்தின் வழிவந்த காடுகளில் வியர்வை சிந்தியவர்களின் லயத்திற்கும், கோயிலுக்கும், அவர்கள் உறங்கும் மேட்டிற்கும் அதே பேறு கிட்ட வேண்டும். இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் இல்லத்துப் பெரியவரிடம் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, "நம் தோட்டத்து ஓடைக்கு என்ன பெயர்?" என்று கேட்டுத் தொடங்குங்கள்.